வாசகர் கேள்வி – பதில்: கைப்பேசியில் வாக்களிக்கலாமா?

கேள்வி: வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட் எல்லாம் கைப்பேசிக்கு வந்துவிட்டன. இணையவழி வாக்குப்பதிவு வந்தால் உடனே ஏற்கத் தயார் என்கிறார்கள் என் வகுப்புத் தோழர்கள். வாக்களிக்க மட்டும் ஏன் இன்னும் பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நிற்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: 2001 சட்டமன்றத் தேர்தலிலேயே தமிழகம் முழுவதும் மின்னணு இயந்திரத்துக்கு மாறிவிட்டதால், வாக்குச்சீட்டில் முத்திரை குத்தியதைப் பெரியவர்கள் சொல்லித்தான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆகவே உங்கள் வகுப்பின் ஆர்வம் வியப்பளிக்கவில்லை. வங்கியோடு ஒப்பிடுவதில்தான் சிக்கல். நீங்கள் அனுப்பிய ஆயிரம் ரூபாய் யாருக்குப் போனது என்பது வங்கிக்கும் தெரியும் என்பதால்தான் தவறு நேர்ந்தால் திருத்த முடிகிறது. வாக்கோ கணக்கில் சேரவும் வேண்டும், யாருக்குப் போனது என்பது உங்களைத் தவிர எவருக்கும் தெரியாமலும் இருக்க வேண்டும். ‘இன்னாருக்கு வாக்களித்தீர்கள்’ என்று குறுஞ்செய்தி வருமானால், பணம் கொடுத்தவர் மறுநாளே அதைக் காட்டச் சொல்வார்.

இந்த அச்சத்துக்கு உங்கள் பகுதியிலேயே ஆதாரம் உண்டு. பணப் பட்டுவாடா காரணமாக 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. பணத்தை வாங்கிக்கொண்ட ஒரு பெண்மணிகூட, வாக்குச்சாவடியின் அட்டை மறைப்புக்குள் குனிந்து, தம் மனத்துக்குப் பட்ட பொத்தானை அழுத்தலாம். வெளியே இருப்பவர்களுக்கு ‘பீப்’ என்ற ஒலி மட்டுமே கேட்கும். ஒற்றை அறை கொண்ட வாரியக் குடியிருப்பில், வீட்டுக்கே பொதுவான ஒரு கைப்பேசியில், அப்பாவோ அண்ணனோ பகுதிக் கட்சிக்காரரோ தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கையில் அந்த அட்டையை யார் கொண்டுவந்து வைப்பது?

எஸ்டோனியா 2005 முதல் இணையவழியில் வாக்களிக்க வழிசெய்திருக்கிறது. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் அப்படியே பதிவாயின. மிரட்டலுக்கு அவர்கள் கண்ட மாற்று, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வாக்களிக்கலாம், கடைசி வாக்கே எண்ணப்படும் என்பது. அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நார்வே 2011-லும் 2013-லும் சோதித்துப் பார்த்துவிட்டு 2014-ல் கைவிட்டது. வாக்கின் இரகசியம் குறித்த கவலை ஒரு காரணம், இளைஞர்களைப் புதிதாக வாக்களிக்க வைத்ததாகச் சான்று கிடைக்காதது இன்னொன்று. வகுப்பில் கை தூக்குவதை வைத்து மட்டும் முடிவுக்கு வர நான் தயங்குவது இதனால்தான். 2024 மக்களவைத் தேர்தலில் சென்னையின் மூன்று தொகுதிகளில் வடசென்னையில்தான் வாக்குப்பதிவு அதிகம்; அங்கும் ஏறத்தாழப் பத்தில் நால்வர் வரவில்லை. அவர்கள் எல்லாரும் வெயிலுக்கு அஞ்சியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

கேள்வி: முதன்முறை வாக்களிக்கப் போகும் என் மகன், மிஷினில் எதை அழுத்தினாலும் வேறு சின்னத்துக்குப் போய்விடும் என்கிறான். என்ன சொல்லிப் புரிய வைப்பது?
– வாசகர், காசிமேடு

பதில்: சொல்வதைவிட, பார்க்கச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தியதும் பக்கத்திலுள்ள விவிபாட் கருவியின் கண்ணாடிக்குள் வேட்பாளரின் பெயரும் சின்னமும் கொண்ட சீட்டு 7 விநாடிகள் தெரிந்து, பிறகு பெட்டிக்குள் விழும். பலர் கை எடுத்த வேகத்திலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். வாக்குப்பதிவுக்கு முன் முகவர்கள் எதிரில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதிந்து சரிபார்த்து அழிக்கப்படுகின்றன. எண்ணிக்கையின்போது ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் 5 கருவிகளின் சீட்டுகள் எண்ணப்படுவதால், ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய வடசென்னை மக்களவைத் தொகுதிக்கு அது 30. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை.

சீட்டில் சின்னம் மாறியிருந்தால் தலைமை அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். முகவர்கள் முன்னிலையில் சோதனை வாக்கு பதியச் செய்வார்கள். புகார் பொய்யானால் தண்டனை உண்டு என்று முதலிலேயே எச்சரிப்பார்கள். பதினெட்டு வயதுப் பையனின் வாயை அடைக்க அந்த எச்சரிக்கையே போதும் என்பதால், அந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: பெங்களூரில் வேலை செய்யும் மகள் அங்கிருந்தே ராயபுரத்துக்கு வாக்களிக்க முடியுமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: இப்போதைக்கு இயலாது. ஒரே சாவடியில் 72 தொகுதிகள் வரை கையாளும் தொலைதூர வாக்கு இயந்திரத்தைக் கட்சிகளுக்குக் காட்டத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் முயன்றது. அது நடைமுறைக்கு வரவில்லை. உங்கள் மகள் அங்கேயே நிலையாகத் தங்கிவிட்டார் என்றால், படிவம் 8 கொடுத்துப் பெயரை அங்குள்ள பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.