பெரிய மீனையே தாய்மீனாக வைத்தால் கெளுத்தி வேகமாக வளருமா?

அறுவடையில் கிடைக்கும் பெரிய கெளுத்திகளையே தாய்மீனாக, அதாவது குஞ்சு எடுக்க வைக்கும் ஆண், பெண் மீன்களாக, நிறுத்திக்கொண்டே போனால் அடுத்த தலைமுறை வேகமாக வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வளரும். ஆனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைப் பொறுக்கினால் மட்டும் போதாது. நான் மீன் மரபியல் படித்தவன். எனக்கு நன்றாகத் தெரிந்த அமெரிக்கச் சேனல் கெளுத்தியை வைத்தே சொல்கிறேன்.

மிசிசிப்பி, அலபாமா பண்ணைகளில் தண்ணீர் சூடேறியதும் பால் கேன் மாதிரியான கலன்களைக் குளத்தில் இறக்குவார்கள். பெண் உள்ளே போய் முட்டையிடும். ஆண் காவல் இருக்கும். கையை விட்டால் கடித்துவிடும். முட்டைகளை எடுத்துப் பார்த்தால் மஞ்சளாக, கொழகொழவென்று ஒரே கட்டியாக இருக்கும். பெரும்பாலும் அத்தனையும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள். ஒரு கட்டி மே மாதம் கிடைக்கும், இன்னொன்று ஜூனில். இரண்டையும் சேர்த்து வளர்த்தால் முந்திப் பிறந்ததுதான் பெரிதாக நிற்கும். அது வயதால் வந்த எடை, பிள்ளைக்குப் போகாது. அப்புறம், இந்த இனத்தில் ஆண்தான் வேகமாக வளரும். எடையை மட்டும் பார்த்தால் ஆணாகவே சேரும். அந்தப் பெரிய மீன்களும் நாலைந்து குடும்பத்துப் பிள்ளைகளாகவே இருந்துவிட்டால், உறவுக்குள்ளேயே இனம் பெருகி வளர்ச்சி தேய ஆரம்பிக்கும்.

அதனால்தான் மிசிசிப்பியின் ஸ்டோன்வில்லில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வு நிலையத்தில் குடும்பக் கணக்கு வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். எடையோடு, வெட்டினால் எவ்வளவு சதை தேறும் என்பதையும் பார்த்தார்கள். உயிரோடிருக்கும் மீனில் சதையை நேரடியாக எடைபோட முடியாது. கூடப்பிறந்தவற்றை வெட்டிப் பார்த்துத்தான் அந்தக் குடும்பத்தை மதிப்பிட முடியும். இப்படி வந்த இனம்தான் ‘டெல்டா செலக்ட்’.

இன்று அமெரிக்கப் பண்ணைகளில் பாதிக்கும் மேல் வளர்ப்பது சேனல் பெண்ணுக்கும், இன்னொரு அமெரிக்க இனமான நீலக் கெளுத்தியின் ஆணுக்கும் பிறக்கும் கலப்பினம். வேகமாக வளரும், சில நோய்களையும் தாங்கும். ஆனால் நீல ஆணின் வயிற்றை அழுத்தினால் விந்து வராது. கொன்றுதான் விந்தகத்தை எடுக்க வேண்டும். பல வருடம் வளர்த்த ஆண் ஒரே தடவையில் போய்விடும். கலப்பினம் தாய்மீனாகவும் உதவாது. ஆகவே பெற்றோர் இனங்களைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் வேலையை விட முடியாது என்பதே என் கருத்து.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒரே வாரத்தில் பொரித்த குஞ்சுகளைத் தனிக் குளத்தில், ஒரே தீவனத்தில் வளருங்கள். ஆணில் பெரியது, பெண்ணில் பெரியது என்று தனித்தனியாகப் பொறுக்குங்கள். எத்தனை குடும்பத்திலிருந்து முடியுமோ அத்தனையிலிருந்தும் எடுங்கள். சேனல் கெளுத்தி தாய்மீனாகத் தயாராகவே சுமார் 3 வருடம் பிடிக்கும். அதனால் எந்த மீன் எந்தக் கட்டியில் பிறந்தது என்பதை முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள்.