முதல் இருபது நிமிடம் அடக்கி நீந்துங்கள்: நெடுந்தூர நீச்சல் கேள்வி-பதில்

கடலில் 5 கி.மீ. போட்டிக்குப் போனேன். முதல் கிலோமீட்டர் 20 நிமிடம், கடைசி கிலோமீட்டர் 29 நிமிடம். தோள் செத்துப்போச்சு. இன்னும் எவ்வளவு பயிற்சி எடுக்க வேண்டும்?
*ஊத்தங்கரை கல்லூரி மாணவர்*

உங்களுக்குப் பயிற்சி குறையவில்லை, ஆரம்ப வேகம்தான் கூடிவிட்டது. தண்ணீரில் வேகத்தைக் கூட்டினால் அதற்கான விலை தரையில் ஓடுவதைவிடக் கடுமையாக இருக்கும். தண்ணீரின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். அதை வெல்ல நிமிடத்துக்கு நிமிடம் தேவையான ஆற்றல் மும்மடிப் பெருக்கமாக ஏறும். பத்து சதவீதம் வேகமாகப் போக நினைத்தால், ஒவ்வொரு நிமிடமும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலைச் செலவழிக்கிறீர்கள். போட்டி தொடங்கும்போது இருக்கிற பரபரப்பில் அது தெரியாது. நான்காவது கிலோமீட்டரில் தோள் அதைக் கேட்டு வாங்கிவிடும்.

உங்கள் வேகத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். 25 மீட்டர் நீச்சல் குளத்தில் முழு முயற்சியோடு 400 மீட்டர் நீந்துங்கள். நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டர். 400-க்கு 8 நிமிடம், 200-க்கு 3 நிமிடம் 50 விநாடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 நிமிடம் 10 விநாடி. அதில் பாதி 2 நிமிடம் 5 விநாடி. 100 மீட்டருக்கு அதுதான் உங்கள் எல்லை வேகம். அதைத் தாண்டி ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. இந்தக் கணக்கில் வருகிற ஒருவர் உங்களைப் போல 2 நிமிட வேகத்தில் கிளம்பினால், முதல் கிலோமீட்டரிலேயே எல்லையைத் தாண்டிவிட்டார். 2 நிமிடம் 12 விநாடியில் கடைசிவரை போயிருந்தால் ஒரு மணி 50 நிமிடத்தில் கரையேறியிருப்பார்.

கடலில் சுவர் இல்லை, நூறு மீட்டர் கணக்கு தெரியாது. அங்கே மூச்சுதான் அளவு. மூன்று கைவீச்சுக்கு ஒருமுறை மூச்செடுத்துப் பழகியவர் முதல் இருபது நிமிடம் அதிலேயே இருக்க முடிய வேண்டும். இரண்டுக்கு ஒருமுறை மூச்சு தேவைப்பட்டால் வேகம் கூடிப்போச்சு என்று அர்த்தம். மற்றவர்கள் முந்திப் போவதைப் பார்க்க வயிறு எரியும்தான். போகட்டும், விடுங்கள். அவர்களில் பாதிப் பேரைப் பின்பாதியில் பிடிப்பீர்கள்.

கிணற்றில் நீந்திப் பழகியவன். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலோ ஒகேனக்கலிலோ நீளமாக நீந்திப் பயிற்சி எடுக்கலாமா?
*காவேரிப்பட்டணம்*

ஒகேனக்கல் வேண்டவே வேண்டாம். பாறைக்கு அடியில் இழுக்கிற சுழல் மேலே நின்று பார்த்தால் தெரியாது, நல்ல நீச்சல்காரரையும் விடாது. அணையில் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் மதகுப் பக்கம் போகாதீர்கள். கூடவே ஒரு பரிசலோ படகோ வர வேண்டும், இடுப்பில் கட்டிய மிதவை பின்னால் தெரிய வேண்டும். தென்பெண்ணையில் ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தண்ணீர்தான் கீழே கே.ஆர்.பி. அணைக்கு வருகிறது. நுரையோ வாடையோ தெரிந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை.

கிணற்றைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆழத்தைப் பார்த்துப் பயப்படாத மனசும், நின்ற இடத்தில் நீந்திக்கொண்டே இருக்கிற பழக்கமும் அங்கேதான் வரும். ஆங்கிலக் கால்வாய் மாதிரி நீரிணைகளை நீந்தும்போது, நடுவே சாப்பிடுகையில் படகைத் தொட்டால் தகுதி போய்விடும். நின்றபடி மிதந்துதான் குடிக்க வேண்டும். குளத்தில் மட்டும் பழகியவர்கள் திணறுகிற இடம் அது. தூரத்துக்கு மட்டும் குளத்துக்குப் போங்கள்.

நீண்ட நீச்சலின் நடுவே ராகிக் கூழ் குடிக்கலாமா?
*பாலக்கோடு*

முந்தின நாள் ராத்திரி களி, தாராளமாக. நீந்தும்போது மட்டும் வேண்டாம். ராகியின் நார்ச்சத்து மெதுவாகச் செரிக்கும், படுத்த நிலையில் அலை அடிக்கும்போது குமட்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் உடலில் சேமித்த மாவுச்சத்து குறையத் தொடங்கும். அவ்வளவு நீளமான நீச்சலில் மணிக்கு 60 கிராம் அளவு சர்க்கரை உள்ளே போக வேண்டும். நம் ஊரிலேயே அதற்குச் சரியான சரக்கு இருக்கிறது: பெங்களூரா மாம்பழக் கூழ். அதில் சுமார் 14 சதவீதம் இனிப்பு. சர்க்கரை சேர்க்காத கூழ் 200 மில்லி, தண்ணீர் 200 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. அரை மணிக்கு ஒருமுறை இதைக் குடித்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் பயிற்சியில் குடித்துப் பார்த்து, வயிறு ஒத்துக்கொண்ட பிறகே போட்டிக்கு.

பசிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் அரை மணியிலேயே தொடங்குங்கள்.

என் மகளுக்கு 13 வயது. குற்றாலீஸ்வரன் மாதிரி பாக் நீரிணையை நீந்த வேண்டும் என்கிறாள். விடலாமா?
*தருமபுரியிலிருந்து ஒரு தாய்*

ஆசைப்பட விடுங்கள், அவசரப்பட விடாதீர்கள். 1994-ல் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி முந்தைய நீச்சல் வீரர் மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தபோது குற்றாலீஸ்வரன் பள்ளிச் சிறுவன்தான். ஆனால் அதற்குப் பின்னால் பல வருட உழைப்பு இருந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கி.மீ., நீரோட்டம் தள்ளினால் இன்னும் நீளும். வளர்கிற பிள்ளைக்குத் தோள்தான் முதலில் கெடும். வாரத் தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள், நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறையுங்கள். வலி என்று சொன்னால் அன்றைக்கே நிறுத்துங்கள். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். முதலில் கடலில் 5 கி.மீ. சிரித்துக்கொண்டே முடிக்கட்டும். 30-ஐப் பற்றி அப்புறம் பேசலாம்.

திசை தவறாமல் இருக்க எத்தனை கைவீச்சுக்கு ஒருமுறை தலை தூக்க வேண்டும்?
*ஓசூர்*

அமைதியான தண்ணீரில் பத்துக்கு ஒருமுறை, அலையில் ஆறுக்கு ஒருமுறை. கண் மட்டும் வெளியே வந்தால் போதும். தலை முழுக்கத் தூக்கினால் இடுப்பு கீழே போய்விடும். அலை உங்களை மேலே தூக்கும் நேரம் பார்த்து நிமிருங்கள். பள்ளத்தில் இருக்கும்போது நிமிர்ந்தால் தண்ணீர்தான் தெரியும்.