நத்தார் மரம் போன பிறகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. ஹோலே வெறிச்சோடிக் கிடக்கிறது. பொங்கலுக்கு விருந்தினர் வருவார்கள். ஏப்ரல் வரைக்கும் தாங்குகிற மாதிரி என்ன செய்யலாம்?
– வாசகி, ஸ்காபரோ

கழற்றும்போதே இரண்டு குவியலாகப் பிரித்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். நத்தாருக்கு உரியது ஒன்று: சிவப்பு ரிபன், பொன் உருண்டைகள், தாத்தா, மான், நட்சத்திரம். இவை எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். குளிர்காலத்துக்கு உரியது மற்றது: வெள்ளை விளக்குச் சரம், பைன் காய்கள், பச்சைக் கிளைகள், கம்பளிப் போர்வை, வெள்ளியும் கண்ணாடியும். இவற்றை வெளியிலேயே வையுங்கள். புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

வெறிச்சோடியதாகத் தோன்றுவதற்கு முதல் காரணம் வெளிச்சம் குறைந்ததுதான். அந்த மரம் ஹோலில் ஒரு விளக்காகவும் இருந்தது. ஜனவரி முதல் வாரத்தில் ரொறன்ரோவில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மாத முடிவிலும் ஏறக்குறைய 5.30தான். கூரை விளக்கு ஒன்றை மட்டும் போட்டால் மூலைகள் இருண்டு கிடக்கும். 12க்கு 15 அடி ஹோலுக்கு மூன்று இடங்களில் விளக்கு வேண்டும், ஒவ்வொன்றும் 800 லூமென், அதாவது பழைய 60 வாட் குமிழின் வெளிச்சம். எல்.ஈ.டி.யில் அதற்கு 8 முதல் 10 வாட் போதும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் கெல்வின்: பெட்டியில் 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாய்ந்த வெளிச்சம், என்று போட்டிருக்க வேண்டும். 5000 என்று இருப்பதை வாங்கிவிட்டு "ஹோல் வைத்தியசாலை மாதிரி இருக்கிறது" என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. மேசை விளக்கின் மூடியின் கீழ்விளிம்பு, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு வரவேண்டும், அதாவது நிலத்திலிருந்து ஏறக்குறைய 40 அங்குலம். அதைவிட உயர்ந்தால் குமிழ் கண்ணைக் குத்தும்.

மரம் நின்ற மூலையில் உயரமாக ஒன்று நின்றால்தான் கண் அமைதியாகும். தோட்டக்கடைகளில் சிவப்புத் தண்டு டொக்வூட் கிளைகளைக் கட்டாக விற்பார்கள். 3 முதல் 4 அடி நீளத்தில் பத்துப் பன்னிரண்டு கிளை எடுத்து, 14 அங்குல உயரமான ஜாடியில் நிறுத்துங்கள். ஜாடியின் அடியில் ஒன்றிரண்டு கிலோ கூழாங்கல் போடாவிட்டால் குழந்தை தொட்டவுடனே சாய்ந்துவிடும். தண்ணீர் விடாதீர்கள், விட்டால் சில வாரங்களில் இலை துளிர்த்து, நீங்கள் விரும்பிய வெறுங்கிளை அழகு போய்விடும். நத்தாருக்கு வாங்கிய வெள்ளைச் சரத்தை இந்தக் கிளைகளில் தளர்வாகச் சுற்றலாம். பற்றரியில் எரிகிற சரம் இந்த வேலைக்குத் தோதுப்படாது. நாளுக்கு ஆறு மணிநேரம் எரித்தால் பற்றரிக்கே பணம் போகும். சுவர் மின்சாரத்தில், ரைமரோடு வருவதை வாங்குங்கள்.

கேள்வி: வாசலில் இருக்கும் பெரிய பூச்சாடியில் டிசம்பரில் குத்திய ஸ்ப்ரூஸ், சீடார் கிளைகள் இன்னும் பச்சையாகவே இருக்கின்றன. ரிபனையும் சிவப்பு உருண்டைகளையும் எடுக்கப் பார்த்தால் மண் கல்லாகிவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், ஏஜாக்ஸ்

இழுக்காதீர்கள். இழுத்தால் பக்கத்துக் கிளை முறியும், இல்லாவிட்டால் ஜாடியின் விளிம்பு பெயரும். ரிபன் கட்டியிருக்கும் குச்சியை மண்மட்டத்தில் கத்தரியால் வெட்டி எடுங்கள். அடித்துண்டு மண்ணிலேயே கிடக்கட்டும், வசந்தத்தில் தானாக வரும்.

பச்சைக் கிளைகளை எடுக்க வேண்டியதில்லை. வெளிக்குளிரில் அவை மார்ச் வரை நிறம் மாறாமல் நிற்கும். அதே ஸ்ப்ரூஸை வீட்டுக்குள் கொண்டுவந்தால்தான் சில நாட்களில் ஊசியெல்லாம் உதிரும்.

ரிபன் போன இடத்தில் மெல்லிய பிர்ச் கிளைகளோ டொக்வூட் கிளைகளோ செருகலாம். உறைந்த மண்ணில் துளை போட, பழைய அரை அங்குலத் துளைமுனையைக் கைத்துரப்பணத்தில் மாட்டி, 6 அங்குல ஆழத்துக்கு இறக்குங்கள். கிளையைச் செருகி அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றினால் இரவுக்குள் அது உறைந்து பிடித்துக்கொள்ளும். கொதிநீரை ஊற்றி மண்ணை இளக்கும் வழியும் உண்டு. பிளாஸ்ரிக், மர, உலோகத் தொட்டிகளுக்குச் சரி. பீங்கான் ஜாடியில் ஊற்றினால் வெப்ப அதிர்ச்சியில் வெடிக்கும். சுட்டமண் ஜாடியை வெளியே விட்டிருந்தால் அது வேறு கதை: தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருமன் கூடும், அந்த அழுத்தத்தில் ஜாடி பிளக்கும். அடுத்த வருடம் ஃபைபர்கிளாஸ் தொட்டிக்கு மாறுங்கள்.

இன்னும் இரண்டு. படிக்கட்டில் உப்புத் தூவும்போது ஜாடியின் பக்கம் தெறிக்க விடாதீர்கள், சீடார் பழுப்பாகிவிடும். மார்ச்சில் மண் இளகத் தொடங்கியவுடன் உயரமான கிளைகள் சாயும். எல்லாக் கிளைகளையும் உள்ளே மறைவாக ஒரு மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டால் போதும்.

கேள்வி: குளிருக்கென்று தடித்த வெல்வெட் திரைச்சீலை போட்டோம். அறை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காலையில் யன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். கீழ்ச்சட்டத்தில் கறுப்புப் புள்ளியும் வருகிறது.
– வாசகி, மார்க்கம்

கறுப்புப் புள்ளி பூஞ்சணம். தடித்த திரை அறையின் சூட்டைக் கண்ணாடிக்குப் போகவிடாமல் தடுக்கிறது, கண்ணாடி மேலும் குளிர்கிறது, ஓரங்களால் நுழையும் ஈரக்காற்று அதில் பட்டுத் தண்ணீராகிறது. திரையில் பிழையில்லை. வீட்டில் ஈரம் கூடுதலாக இருப்பதுதான் பிரச்சினை.

முதலில் ஈரப்பத மானி ஒன்று வாங்கி அந்த அறையில் வையுங்கள், விலை அதிகமில்லை. வெளியே மைனஸ் 10க்குக் கீழே போகும் நாட்களில் உள்ளே 30 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 45 காட்டினால் ஈரமூட்டியை நிறுத்துங்கள் அல்லது குறையுங்கள். நம் சமையலையும் கணக்கில் எடுங்கள்: புட்டும் இடியப்பமும் அவிக்கும்போது எழும் ஆவி முழுவதும் வீட்டுக்குள்தான் நிற்கிறது. அடுப்புக்கு மேலுள்ள விசிறியைச் சமையல் தொடங்கும்போதே போட்டு, முடிந்த பிறகும் 15, 20 நிமிடம் ஓடவிடுங்கள். விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது வகை ஈரத்தைக் குறைக்காது.

திரைச்சீலையை இருட்டியதும் மூடி, விடிந்ததும் முழுதாக விலக்குங்கள். நாள் முழுக்க மூடி வைத்தால் சட்டம் காயவே காயாது. காலையில் ஒரு துணியால் கீழ்ச்சட்டத்தைத் துடைத்துவிடுங்கள். இப்போதுள்ள புள்ளிகளைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள்.

சூடு வரும் வழியையும் திரை மறைக்கக் கூடாது. சூடான காற்று வரும் நிலத்துவாரம் யன்னலுக்கு நேர்கீழே இருந்தால், காந்தத்தில் ஒட்டும் பிளாஸ்ரிக் காற்றுத்திருப்பி (air deflector) ஒன்றை வைத்துக் காற்றை அறைக்குள் திருப்புங்கள். கீழே நீளமான மின்சூடாக்கி இருந்தால் நிலம் வரை தொங்கும் திரையே வேண்டாம். சூடாக்கிக்கு 6 அங்குலம் மேலே முடியட்டும், அதன் தயாரிப்பாளர் கூடுதல் இடைவெளி கேட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். துணி உரசினால் தீப்பிடிக்கும்.

எத்தனை துண்டு வாங்குவது என்று பலர் தடுமாறுகிறார்கள். யன்னலின் அகலத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு துணி வேண்டும். 72 அங்குல யன்னலுக்கு 144 முதல் 180 அங்குலம். கடையில் ஒரு துண்டு 50 அங்குல அகலம் என்றால் நான்கு வாங்குங்கள், பக்கத்துக்கு இரண்டு. ஒரு பொதியில் இரண்டுதான் இருக்கும் என்று அதோடு நிறுத்தினால், மூடும்போது துணி படுக்கைவிரிப்பைப் போல் தட்டையாக நிற்கும்.

கேள்வி: தைப்பொங்கலுக்கு வாசலில் கோலம் போட ஆசை. வெளியே பனியும் உப்புச் சேறும். உள்ளே அரிசிமாவில் போட்டால் எலி வருகிறது என்கிறார் கணவர். மாவிலைத் தோரணமும் இரண்டு நாளில் சுருண்டுவிடுகிறது.
– வாசகி, பிரம்ரன்

உங்கள் கணவர் சொல்வது சரி. குளிர்காலத்தில் எலி வீட்டுக்குள் ஒதுங்கும், மாவுப்பொடி அதற்கு விருந்து.

2 அடிக்கு 2 அடி, கால் அங்குலத் தடிப்பில் ஒட்டுப்பலகை ஒன்றை வெட்டுவித்து, விளிம்பை உரசித் தேய்த்து, காவி நிற அக்ரிலிக் பூச்சை இரண்டு தடவை அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு புள்ளிகளைச் சோக்கால் குறித்து, வெள்ளை வண்ணப் பேனாவால் கோலமிடுங்கள். ஈர மாக்கோலம்தான் வேண்டும் என்றால் கால் கோப்பை பச்சையரிசியை இரண்டு மணிநேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, மோர்ப் பதத்துக்குக் கரைத்து, துணியை அதில் நனைத்து விரலால் இழுங்கள். இது பலகையில் ஒட்டிக் காயும், பொடியைப் போல் பறக்காது. பொங்கல் முடிந்ததும் கழுவிவிடலாம். பலகையைச் சப்பாத்துத் தட்டுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், உருகிய பனி அங்கேதான் வழியும்.

வெளியே போட வேண்டும் என்ற ஆசைக்கும் வழி உண்டு. புல்வெளியில் பனியைச் சவளால் தட்டித் தட்டையாக்கி, அரை லீற்றர் தண்ணீரில் 15 துளி உணவு நிறம் கலந்து, தெளிகுப்பியால் கோலத்தைத் தெளியுங்கள். அடுத்த பனி விழும் வரை நிற்கும். நடைபாதையில் செய்ய வேண்டாம், உருகும்போது சீமெந்தில் கறை பிடிக்கும்.

மாவிலை சுருள்வது உள்ளே காற்று வறண்டிருப்பதால். பண்டிகையன்று உண்மையான மாவிலையைக் கட்டுங்கள். குளிர்காலம் முழுக்கத் தொங்க ஃபெல்ட் துணியில் வெட்டுங்கள்: 9க்கு 12 அங்குலத் தாளில் 15 சென்றிமீற்றர் நீளம், 4 சென்றிமீற்றர் அகலத்தில் பத்து இலை வரும். 36 அங்குலக் கதவுக்கு 4 சென்றிமீற்றர் இடைவெளி விட்டுப் பதினொரு இலை தேவை, ஆகவே இரண்டு தாள். வாழையிலை வாங்கினால் காரில் விட்டுவிட்டு வேறு கடைக்குப் போகாதீர்கள், குளிரில் கறுத்துவிடும்.

விளக்கேற்ற நல்லெண்ணெய் எடுங்கள். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். 20, 21 பாகையில் இருக்கும் வீட்டில் திரி காய்ந்துபோய் அணையும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: குளிருக்குப் பயந்து கராஜுக்குள் எரிவாயு அடுப்பிலோ கரியிலோ பொங்காதீர்கள். கதவு திறந்திருந்தாலும் காபன் மொனொக்சைட் சேரும். வீட்டுச் சமையலறை அடுப்பில் பொங்கினாலும் பால் பொங்கத்தான் செய்யும்.

கேள்வி: பொயின்செட்டியா இலை உதிர்கிறது. அமரிலிஸ் பூத்து முடிந்துவிட்டது. இரண்டையும் எறிந்துவிடலாமா?
– வாசகர், மிசிசாகா

பொயின்செட்டியாவின் வேர் பெரும்பாலும் அந்த மினுங்கும் தாளுக்குள் தேங்கிய தண்ணீரில் அழுகுகிறது. தாளைக் கழற்றி, மண்ணின் மேற்பரப்பு காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். வாசல் கதவின் குளிர்காற்றும் ஆகாது, 15 பாகைக்குக் கீழே போகக் கூடாது. பாதிக்கு மேல் இலை போயிருந்தால் எறிந்துவிடுங்கள். அடுத்த வருடம் சிவக்க வைப்பதற்குப் படும் பாட்டைவிடப் புதுச்செடி மலிவு.

அமரிலிஸை எறியாதீர்கள். பூத்தண்டை மட்டும் கிழங்குக்கு மேலே வெட்டி, இலைகளை விட்டு, வெயில் படும் யன்னலில் வைத்து உரமிடுங்கள். ஆகஸ்ட் முடிவில் தண்ணீரை நிறுத்தி, 10 முதல் 13 பாகை உள்ள இருட்டு மூலையில் 8 முதல் 10 வாரம் உறங்கவிடுங்கள். மறுபடி தண்ணீர் காட்டினால் பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் பூக்கும். பூனை, நாய் வளர்ப்போர் கவனம், கிழங்கு நச்சு.

இடைக்காலத்துக்கு பேப்பர்வைட் நார்சிசஸ் கிழங்குகளைக் கூழாங்கல்லில் நிறுத்தித் தண்ணீர் விட்டால் 3 முதல் 6 வாரத்தில் பூக்கும். இவை நெட்டையாக வளர்ந்து சரிவதுதான் தலைவலி. கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ட வழி ஒன்று உண்டு: முளை ஒன்றிரண்டு அங்குலம் வந்ததும் தண்ணீருக்குப் பதிலாக, 40 சதவீத மதுசாரம் ஒரு பங்கும் தண்ணீர் ஏழு பங்கும் கலந்து விடுவது. உயரம் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை குறையும், பூ குறையாது. பியரும் வைனும் வேண்டாம், அவற்றிலுள்ள சீனி கெடுக்கும்.

கேள்வி: பிள்ளைகளோடு யன்னலுக்குக் கடதாசிப் பனித்துகள் வெட்டினோம். ஏனோ பனித்துகள் போலவே இல்லை.
– வாசகி, மொன்றியல்

எட்டு முனை வந்திருக்கும். பனித்துகளுக்கு ஆறு முனை. உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்குவதால் அப்படி. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து, இன்னொரு தடவை பாதியாக மடியுங்கள். அடுத்து பாதியாக மடிக்காமல் மூன்றாக மடிக்க வேண்டும்: இடப்பக்கத்தை முன்னாலும் வலப்பக்கத்தைப் பின்னாலும் கொண்டுபோனால் 30 பாகைக் கூம்பு கிடைக்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளை நேராக வெட்டிவிட்டு, ஓரங்களில் கொத்துங்கள். பன்னிரண்டு அடுக்கு இருப்பதால் அச்சுத்தாள் பிள்ளைகளின் கத்தரிக்கு அடங்காது, மெல்லிய தாள் எடுங்கள். கண்ணாடியில் ஒட்ட நீர்த்த பசையில் ஒரு பொட்டு போதும். தண்ணீர் வழியும் யன்னலில் ஒட்டாதீர்கள், மேலே மார்க்கம் வாசகிக்கான பதிலைப் பாருங்கள்.

கேள்வி: தடித்த மெழுகுதிரி நடுவில் மட்டும் குழியாகி, சுற்றிலும் மெழுகு அப்படியே நிற்கிறது.
– வாசகர், ஸ்காபரோ

முதல் தடவை சீக்கிரம் அணைத்துவிட்டீர்கள். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணிநேரம் என்று கணக்கு, 3 அங்குல மெழுகுதிரிக்கு மூன்று மணிநேரம். இப்போது சரிசெய்ய, அலுமினியத் தாளை விளிம்பைச் சுற்றி மூடி, நடுவில் துளை விட்டு, நீங்கள் பக்கத்தில் இருந்தபடி ஒன்றிரண்டு மணிநேரம் எரியவிடுங்கள். திரியைக் கால் அங்குலமாகக் கத்தரியுங்கள், புகைக்கரி குறையும்.

கேள்வி: வெளிவிளக்குகளை இந்த வார இறுதியில் கழற்றலாமா? மைனஸ் 15 என்கிறார்கள்.
– வாசகர், மார்க்கம்

வேண்டாம். அந்தக் குளிரில் வயரின் பிளாஸ்ரிக் உறை விறைத்து வெடிக்கும், கூரை ஓரக் கொளுவிகள் கையோடு முறியும், ஏணி பனிக்கட்டியில் வழுக்கும். வண்ணச் சரத்தைப் பிளக்கைக் கழற்றி அணைத்து வையுங்கள், வெள்ளையை எரியவிடலாம். பூச்சியத்துக்கு மேலே ஏறும் ஒரு பகலில், வெறுந்தரையில் ஏணி நிற்கும்போது கழற்றுங்கள். சுருட்டும்போது 12 அங்குல அட்டைத் துண்டில் சுற்றி, ஆண் பிளக் வெளியே தெரிய முடியுங்கள். அடுத்த நவம்பரில் அவிழ்க்காமலே எரிகிறதா என்று பார்க்கலாம்.