லாரிக்காரர் பதில்கள்: இறக்கம் தொடங்குமுன் கியர்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் பாதையிலும் நேட்டால் கரும்புத் தோட்டங்களிலும் கம்பெனி லாரி ஓட்டி ஓய்வுபெற்ற சிலர் சேர்ந்து இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்கள். சொந்தக் கதை வேண்டாம், வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று அறிவித்திருந்தோம்.

கேள்வி: அந்தப் பாதையின் பெரிய இறக்கங்களான வான் ரீனன் கணவாயிலும் டவுன் ஹில்லிலும் லோடோடு இறங்கும்போது பழைய ஓட்டுநர்கள் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள் என்கிறார் அப்பா. நம்பலாமா? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பாதி நம்பலாம். தொடுவார்கள், ஆனால் அழுத்திக்கொண்டே இருக்க மாட்டார்கள். லாரியைப் பிடித்து நிறுத்திவைப்பது எஞ்சினும் கியரும்தான். பிரேக் அவ்வப்போது கை கொடுக்கும், அவ்வளவே.

காரணம் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மில் இருக்கிறது. தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடேறி விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும். அந்த இடைவெளியை நிரப்ப, காற்றழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் காற்று சேம்பரின் தண்டு இன்னும் வெளியே வரவேண்டும். பெரிய லாரிகளில் பொதுவாக இருக்கும் 30ஆம் எண் சேம்பருக்குத் தண்டு வெளிவரும் வரம்பு சுமார் 50 மில்லிமீட்டர். உச்சியில் கிளம்பும்போதே தண்டு 45 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டிருந்தால், பாதி இறக்கத்தில் மிதியை அடிவரை மிதித்தாலும் தண்டுக்குப் போக இடமிருக்காது. காற்றழுத்தம் முழுசாக இருக்கும், பிரேக் மட்டும் இருக்காது. போதாததற்கு ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் கருகி முகம் கண்ணாடியாகிவிடும். பிறகு ஆறினாலும் பழையபடி பிடிக்காது.

ஆகவே கியரை உச்சியிலேயே போட்டுவிட வேண்டும். லோடோடு சரிவில் உருள ஆரம்பித்த பிறகு கியர் குறைக்கப் பார்த்து, அது நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் பிடி மொத்தமாகப் போய்விடும். கணவாய்களில் நடந்த பல விபத்துகளின் தொடக்கம் அந்த ஒரு நொடிதான். கியர் போட்டபின், பாதுகாப்பான வேகத்தைத் தொட்டதும் நன்றாக ஒரு முறை பிரேக் பிடித்து வேகத்தை மணிக்கு 8 அல்லது 10 கிலோமீட்டர் குறைத்துவிட்டு முழுசாக விடுங்கள். வேகம் மறுபடி ஏறும்; மறுபடி பிடியுங்கள். விட்டிருக்கும் நேரத்தில்தான் டிரம் மூச்சு வாங்கும். லேசாகக் காலை வைத்துக்கொண்டே போவது மென்மையான ஓட்டம் மாதிரித் தோன்றும், டிரம்மைச் சுடுவது அதுதான்.

எஞ்சின் புகைவழியை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் எஞ்சின் சுற்று மேலே இருக்கும்போது மட்டுமே அது உருப்படியாக வேலை செய்யும். சின்ன கியர் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம். ட்ரெய்லர் கை பிரேக்கை மட்டும் இழுத்துக்கொண்டு வருவது சிலருக்குப் பழக்கம். ட்ரெய்லர் டிரம் எரியும், முன்னால் இருப்பவை சும்மா சுற்றும். காற்று கேஜையும் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். அடிக்கடி மிதித்து விட்டால் கம்ப்ரெஸரால் ஈடுகொடுக்க முடியாது. 4 பார் அழுத்தத்துக்குப் பக்கத்தில் எச்சரிக்கை மணி அடிக்கும். அதற்கும் கீழே போனால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடிக்கத் தொடங்கும், நீங்கள் விரும்பிய இடத்தில் அல்ல.

‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். 200 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது சரி. இன்றைய 500 குதிரைத்திறன் லாரி அதே மேட்டைப் பெரிய கியரிலேயே ஏறிவிடும். அந்தக் கியரில் இறங்கினால் கதை முடிந்தது. ஒன்றிரண்டு கியர் குறைத்தே இறங்குங்கள்.

அடிவாரத்தில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். கொதிக்கும் டிரம்மில் பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், ஆறும்போது சுருங்கும் டிரம் ஷூவை இறுக்கிக்கொண்டு கோணலாகலாம், விரிசலும் விடலாம். தண்ணீர் ஊற்றவே கூடாது.

2013 செப்டம்பர் 5 அன்று பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில்லில் கட்டுப்பாடிழந்து வந்த லாரி அடிவாரச் சந்திப்பில் மினிபஸ் டாக்ஸிகள் மேல் மோதி 24 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே பெரிய லாரிகளை அந்தச் சாலையிலிருந்து விலக்கினார்கள். அந்த மேட்டைத் தெரிந்தவர்களுக்கு அது மிகத் தாமதம்.

கேள்வி: கிளம்புமுன் பிரேக் சரியாக இருக்கிறதா என்று ஓட்டுநரே பார்க்க முடியுமா, மெக்கானிக் வேண்டுமா? (வாசகர், ஃபீனிக்ஸ்)

கையால் பார்க்கலாம். சமதரையில் கட்டை போட்டு, காற்று நிரப்பி, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். கீழே போய், சேம்பர் தண்டு தள்ளும் கையான ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கையால் பலமாக இழுங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் தளர்வு. கைமுறை அட்ஜஸ்டராக இருந்தால் ஷூ டிரம்மைத் தொடும்வரை திருகி, பிறகு கால் முதல் அரைச் சுற்று பின்னால் விடுங்கள். எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே நாளில் செய்யவேண்டும். இரண்டை மட்டும் இறுக்கினால் அந்த இரண்டே எல்லாச் சுமையையும் தாங்கி எரியும். தானியங்கி அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தால் திருகி ஒப்பேற்றாதீர்கள். அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதை மாற்றுவதற்குத்தான் மெக்கானிக்.

கேள்வி: ரோட்ரேஞ்சர் கியர்பாக்ஸில் எனக்குப் பல் உரசுகிறது. பெரியவர்கள் சத்தமே இல்லாமல் போடுகிறார்கள். என்ன ரகசியம்? (வாசகர், டொங்காட்)

காது. அதில் பற்களின் வேகத்தைத் தானாக ஒன்றாக்கும் சிங்க்ரோ கிடையாது. பற்களின் வேகத்தை ஓட்டுநர்தான் ஒன்றாக்க வேண்டும். மேல் கியருக்கு: கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விடு, எஞ்சின் சுற்று சுமார் 500 இறங்கட்டும், மறுபடி மிதித்துக் கியர். ஒவ்வொரு கியரையும் இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் பாதிக் கியர் மாற்றும்போது 300 இறங்கினால் போதும். கீழ் கியருக்கு: நியூட்ரலில் கிளட்சை விட்டதும் ஆக்ஸிலரேட்டரால் அதே அளவு சுற்றை ஏற்றி, மிதித்து உள்ளே தள்ளு. அவசரம்தான் பல்லை உரச வைக்கிறது, பலக்குறைவு அல்ல.

ஓடும்போது கிளட்சைத் தரைவரை மிதிக்காதீர்கள். கடைசி ஓரங்குலத்தில் கிளட்ச் பிரேக் இருக்கிறது. நின்றபடி முதல் கியரோ ரிவர்ஸோ போட மட்டுமே அது. ஓட்டத்தில் மிதித்தால் அதன் காதுகள் முறிந்துவிடும், பிறகு நிற்கும்போதும் கியர் கரகரக்கும். மேல், கீழ் கியர் வரிசையை மாற்றும் ரேஞ்ச் பொத்தானை லீவரை நகர்த்துமுன்பே தட்டிவிட வேண்டும், நியூட்ரலில் வந்து யோசிக்கக் கூடாது.

இன்னொன்று, கேட்காததற்கும் பதில்: பழுதான லாரியை அப்படியே கட்டி இழுத்துப்போகாதீர்கள். எஞ்சின் நின்றிருந்தால் கியர் பெட்டிக்குள் எண்ணெயை வீசும் கவுண்டர் ஷாஃப்ட் சுற்றாது. சக்கரம் சுற்றுவதால் மெயின் ஷாஃப்ட் மட்டும் எண்ணெயின்றிச் சுற்றும். ஆக்ஸில் ஷாஃப்டையோ ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையோ கழற்றிவிட்டுத்தான் இழுக்கவேண்டும். இருபது நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டு ஒரு கியர்பாக்ஸை இழப்பது வழக்கமாக நடக்கிறது.

கேள்வி: சர்க்கரை மூட்டையைக் கயிறும் தார்ப்பாயும் மட்டும் வைத்து எப்படிக் கட்டினார்கள்? (வாசகர், வெருலம்)

30 டன் என்றால் 50 கிலோ மூட்டை 600. ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில், செங்கல் அடுக்குவதுபோல. ஓர மூட்டைகள் சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். அடுக்கு நன்றாக இருந்தால் கயிறுக்கு வேலை குறைவு. அடுக்கு மோசமென்றால் எத்தனை கயிறு போட்டாலும் ஹோவிக் தாண்டுவதற்குள் சாய்ந்துவிடும்.

தார்ப்பாயில் பின்துண்டை முதலில் விரிக்கவேண்டும், முன்துண்டு அதன்மேல் ஒரு மீட்டராவது ஏறவேண்டும். மாற்றிப்போட்டால் எதிர்காற்று இடுக்கில் புகுந்து கிழிக்கும், மழை நேரே மூட்டைக்குப் போகும். நனைந்த சர்க்கரையை யாரும் வாங்கமாட்டார்கள்.

முடிச்சுக்குக் கயிற்றின் நடுவில் ஒரு வளையம் எடுத்து, முறுக்கி, கயிற்றின் ஒரு மடிப்பை அதற்குள் நுழைத்து, தொங்கும் பகுதியை லாரிப் பக்கத்துக் கொக்கியில் மாட்டிக் கீழே இழுப்பார்கள். கணக்குப்படி இழுப்பு மூன்று மடங்கு. உராய்வு போக இரண்டுகூட மிஞ்சாது. ஆனாலும் வெறுங்கையைவிட மேல். முதல் 50 கிலோமீட்டரில் மூட்டை அமுங்கும், கயிறு தொய்யும். அங்கே நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இறுக்காதவர் கட்டாதவருக்குச் சமம்.

கேள்வி: அந்தக் காலத்தில் நம்மவர் (இந்தியர்) கம்பெனிகள் பெரும்பாலும் நேட்டாலுக்குள்ளேயே ஓடினவாமே. தொலைவு பயமா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பயமில்லை, பெர்மிட். ரயில்வே வருமானத்தைக் காக்க 1930இல் ஒரு மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வந்தது. கூலிக்குச் சரக்கேற்றும் லாரிக்கு எந்தச் சரக்கு, எந்தப் பகுதி என்று குறித்த பெர்மிட் வேண்டும். ரயில் ஓடும் பாதையில் அதை வாங்குவது எளிதல்ல. 1977இல் புதுச்சட்டம் வந்தும் பெர்மிட் முறை நீடித்தது. 1988இல்தான் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அதுவரை வட்டாரக் கம்பெனி வட்டாரக் கம்பெனியாகவே இருந்ததில் வியப்பில்லை.

இந்தியருக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. 1975 வரை மாகாணம் விட்டு மாகாணம் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்கவே 1891ஆம் ஆண்டுச் சட்டம் தடைபோட்டது. அது 1980களின் நடுவில்தான் நீங்கியது. வரைபடத்தைப் பாருங்கள்: வான் ரீனன் ஏறி முடித்த இடத்தில் ஃப்ரீ ஸ்டேட் தொடங்குகிறது. ஹாரிஸ்மித், வார்டன், வில்லியர்ஸ் எல்லாம் அதற்குள். அதன் வடக்கெல்லையான வால் ஆற்றுப் பாலம்வரை கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். ஏற்றத்தில் களைத்த ஓட்டுநருக்கு ஓய்வு தேவைப்படும் இடமும் அதுதான். லேடிஸ்மித்திலிருந்து நியூகாஸில், லேங்ஸ் நெக், ஃபோல்க்ஸ்ரஸ்ட் வழி போனால் ஃப்ரீ ஸ்டேட்டைத் தொடாமலே ஜோஹன்னஸ்பர்க் இருந்த ட்ரான்ஸ்வால் மாகாணத்துக்குள் நுழையலாம். பழைய ஓட்டுநர் யாராவது அந்தச் சுற்றுவழியைப் புகழ்ந்தால், காட்சிக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஓர் ஆக்ஸிலுக்கு (சக்கர அச்சுக்கு) 8,200 கிலோ என்கிறார் மாமா. எடைமேடையில் 9,000 என்கிறார்கள். யார் சொல்வது சரி? (வாசகர், ஸ்டேஞ்சர்)

இருவரும். 1996இல் 8,200 என்ற சட்ட வரம்பு 9,000 ஆனது. இப்போது ஸ்டியரிங் ஆக்ஸில் 7,700. இரட்டை டயர் போட்ட தனி ஆக்ஸில் 9,000. இரண்டு சேர்ந்தால் 18,000. மூன்று சேர்ந்தால் 24,000. மொத்த வண்டிக்கு 56,000. இரண்டு ட்ரெய்லர் கோத்த ஏழு ஆக்ஸில் இன்டர்லிங்கில் ஆக்ஸில் வரம்புகளைக் கூட்டினால் 61,700 வரும், ஆனாலும் 56,000தான் உச்சவரம்பு. மொத்தம் சரியாக இருந்தும் சரக்கு முன்பக்கம் குவிந்து ஒரு ஆக்ஸில் மீறினாலும் குற்றமே.

கேள்வி: டர்பனில் சுத்தமாக ஓடும் பழைய டீசல் ஜோஹன்னஸ்பர்க்கில் கரும்புகை விடுவது ஏன்? (வாசகர், மெரிபேங்க்)

ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு டர்பனில் வைத்த டீசல் பம்ப் அளவு அங்கே அதிக டீசல். எரியாத டீசல் புகையாகும், மிச்சம் சிலிண்டர் சுவரைக் கழுவி எண்ணெயில் கலக்கும். மேட்டுநிலத்திலேயே ஓடும் வண்டிக்குப் பம்பைக் குறைத்து வைக்கவேண்டும். 1980களில் கனரக லாரிகளுக்கு அரசு திணித்த அட்லாண்டிஸ் எஞ்சின்களில் டர்போ இல்லாதவற்றுக்கும் இதே கதி. கேப்டவுனுக்கு வடக்கே பெர்கின்ஸ், டைம்லர் பென்ஸ் உரிமத்தில் செய்த எஞ்சின்கள் அவை. திணித்த விதத்தைக் குறை சொல்லலாம், அவற்றில் 407, 422 என்ற எஞ்சின்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

கேள்வி: அப்பா ஒரு கம்பெனியில் கடைசிவரை லாரி ஓட்டியவர். அவர் நினைவுகளை எழுதிவைக்க நினைக்கிறேன். ‘எப்படி இருந்தது அப்பா’ என்றால் ‘நல்லாத்தான் இருந்தது’ என்று முடித்துவிடுகிறார். (வாசகி, லேடிஸ்மித்)

கேள்வியை மாற்றுங்கள், அம்மா. டவுன் ஹில் இறங்க எந்தக் கியர்? லோடில் எத்தனை கயிறு? எந்த ஆக்ஸில் எப்போதும் எடையில் மாட்டும்? டயரைத் தட்டிப் பார்க்க என்ன வைத்திருந்தார்? சக்கர நட்டுக்குக் கீழே துருக்கோடு தெரிந்தால் என்ன அர்த்தம்? (தளர்ந்த நட்டு, அவருக்குத் தெரியும்.) வேலையைக் கேட்டால் ஆளும் இடமும் தானாக வரும்.

பழைய படங்களை மேசையில் பரப்புங்கள். நம்பர் பிளேட்டிலிருந்து தொடங்கலாம்: என்.டி. என்றால் டர்பனில் பதிவானது, என்.பி. என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், டி.ஜே. என்றால் ஜோஹன்னஸ்பர்க். பிறகு ஆக்ஸிலை எண்ணுங்கள், கேபின் கதவில் எழுதியிருக்கும் எடையைப் படியுங்கள், தார்ப்பாயின் மேல்மடிப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறும். பழைய லைசென்ஸ், பெர்மிட் தாள், டெலிவரி நோட்டு ஏதாவது அகப்பட்டால் இரண்டு பக்கமும் படமெடுத்துவிடுங்கள், பின்பக்கத்து முத்திரைகளில்தான் தேதியும் ஊரும் இருக்கும்.