பிரிட்டிஷ் கடற்படையில் ‘அரைச் சம்பளம்’ என்றால் என்ன?

பொறுப்பேற்கக் கப்பல் இல்லாமல் கரையில் காத்திருந்த அதிகாரிக்கு அரசு கொடுத்த குறைந்த ஊதியம்தான் அரைச் சம்பளம். போர் முடிந்தால் கப்பல்கள் குறைந்துவிடும். ஆனால் தேர்ந்த கேப்டனை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே அவரைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். உழவில்லாத மாதத்திலும் மாட்டுக்குத் தீனி போடுகிறோமே, அதுபோல.

பின்னாளில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியான நெல்சனையே பாருங்கள். 20 வயதில் கேப்டனானவர், 1787 இறுதி முதல் சுமார் ஐந்து ஆண்டுகள், பெரும்பாலும் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் தந்தையின் வீட்டில் தோட்டத்தைக் கொத்திக்கொண்டு, கப்பல் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை வேதனையான காத்திருப்பு! 1793இல், பிரான்சுடன் போர் மூளும் வேளையில்தான் ‘அகமெம்னான்’ என்ற போர்க்கப்பல் கிடைத்தது.

இது தண்டனை என்று நினைக்கத் தோன்றும்; ஆனால் அப்படியல்ல. காத்திருந்த காலத்திலும் கேப்டனின் பணிமூப்பு ஏறிக்கொண்டே இருந்தது.