சதர்ன் ராக்கில் கொஞ்சம் முரட்டு ரகமான குழு எது? எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

குழு, பிளாக்ஃபுட். பாட்டு, 'டிரெயின், டிரெயின்'. அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு போய்க் கேட்கலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாட்டைக் கேட்பதில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது.

சதர்ன் ராக் என்றால் அமெரிக்கத் தென்மாநிலங்களில் புளூஸ், கன்ட்ரி, ராக் மூன்றும் கலந்து பிறந்த சத்தம். எல்லாரும் ஆல்மன் பிரதர்ஸ், லினர்ட் ஸ்கினர்ட் என்றுதான் ஆரம்பிப்பார்கள். தப்பில்லை. ஆனால் ஆல்மன் பிரதர்ஸ் மேடையில் ஏறினால் ஜாஸ் கச்சேரி மாதிரி ஒரே பாட்டை இருபது நிமிஷத்துக்கு இழுப்பார்கள். அவர்களிடம் முரட்டுத்தனத்தைத் தேடினால் கிடைக்காது. பிளாக்ஃபுட்டோ ஹார்ட் ராக்குக்கு ஒரு காலை எடுத்து வைத்துவிட்ட குழு. 1981-இல் இங்கிலாந்தின் டானிங்டன் திருவிழாவில் ஏசி/டிசி, ஒயிட்ஸ்நேக் போன்ற ஹார்ட் ராக் குழுக்கள் வாசித்த அதே மேடையில் இவர்களும் வாசித்தார்கள். அந்தக் கூட்டத்தில் அந்நியமாகத் தெரியவில்லை என்பதே போதும்.

ஊர் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். ஸ்கினர்ட், மாலி ஹாட்செட், தர்ட்டி எயிட் ஸ்பெஷல் எல்லாம் அந்த ஒரே ஊர்தான், தண்ணியில் என்ன இருந்ததோ! பாட்டும் கிட்டாரும் ரிக்கி மெட்லாக், இன்னொரு கிட்டார் சார்லி ஹார்க்ரெட், பேஸ் கிரெக் வாக்கர், டிரம்ஸ் ஜாக்சன் ஸ்பயர்ஸ். ஹார்க்ரெட் நீங்கலாக மற்ற மூவருக்கும் அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளி உண்டு. பிளாக்ஃபுட் என்பதே ஒரு பூர்வகுடி இனத்தின் பெயர், குழுவின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். ரிக்கி 1971 வாக்கில் கொஞ்ச காலம் ஸ்கினர்ட்டில் டிரம்ஸ் வாசித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1996-இல் அதே குழுவுக்கு கிட்டாரிஸ்டாகத் திரும்பிப் போனார்.

1975, 76-இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களும் போணியாகவில்லை. 1979-இல் வந்த 'ஸ்ட்ரைக்ஸ்' தான் தூக்கிவிட்டது. அதில் இரண்டு பாட்டு ஹிட். பில்போர்டு என்ற அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலில் 'ஹைவே சாங்' 26-ஆம் இடம் வரை போனது, 'டிரெயின், டிரெயின்' 38 வரை. எண்ணை வைத்துப் பார்த்தால் நான் முதலாவதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் 'ஹைவே சாங்' மெதுவாகத் தொடங்கி கடைசியில் கிட்டார்கள் பிய்த்துக்கொண்டு ஓடும் ஏழு நிமிஷப் பாட்டு. நல்ல பாட்டுதான், ஸ்கினர்ட்டின் 'ஃப்ரீ பேர்டு' போட்ட அதே தடம். 'டிரெயின், டிரெயின்' அப்படி இல்லை, அது அந்த வீட்டுச் சொத்து.

அதை எழுதியவர் ரிக்கியின் தாத்தா ஷார்ட்டி மெட்லாக். பேரனை வளர்த்து ஆளாக்கியவரும் அவர்தான். பாஞ்சோவும் ஃபிடிலும் வைத்து வேகமாக வாசிக்கும் நாட்டுப்புற இசையான புளூகிராஸ், பழைய புளூஸ் இரண்டிலும் ஊறின மனிதர். ரிக்கி பாஞ்சோ கற்றதே அவரிடம்தான். ஆல்பத்தில் பாட்டுக்கு முன்னால் 'பிரிலூட்' என்று அரை நிமிஷத் துண்டு ஒன்று தனி டிராக்காக இருக்கும். நான் சொன்ன சூட்சுமம் அதுதான். செயலியில் பாட்டை மட்டும் தட்டினால் இது வராது. ஆல்பத்தைத் திறந்து பிரிலூட்டிலிருந்து கேளுங்கள்.

அந்த அரை நிமிஷமும் தாத்தாவின் மவுத் ஆர்கன் மட்டும்தான். மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விட்டு, மறுபடி இழுத்து என்று வெட்டி வெட்டி வாசிக்கும்போது நீராவி எஞ்சின் கிளம்புகிற தாளம் வருகிறது. வேகம் ஏற ஏற இழுப்புக்கும் விடுதலுக்கும் இடைவெளியே இல்லாமல் போய்விடும். நடுவில் ஊதல் சத்தம் வேண்டுமென்றால், இரண்டு மூன்று துளைகளைச் சேர்த்து இழுத்து, பொத்திய கையைத் திறந்து மூட வேண்டும். இது ஷார்ட்டி கண்டுபிடித்த வித்தை இல்லை. டிஃபோர்டு பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர் 1927-லேயே 'பான் அமெரிக்கன் புளூஸ்' என்று ஒரு முழு ரயிலையும் மவுத் ஆர்கனில் ஓட்டிக் காட்டிப் பதிவு செய்திருக்கிறார். தெற்கில் மவுத் ஆர்கன் கையில் எடுத்தவனெல்லாம் ரயில் விட்டுப் பார்க்காமல் இருந்ததில்லை.

அப்புறம் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றாக இறங்கும். கதை ஒன்றும் பெரிசில்லை: காதலித்தவள் மெம்ஃபிஸுக்கு ரயிலேறுகிறாள், இவன் கந்தல் நாடோடியாய் ஊரை விட்டுக் கிளம்புகிறான். நூறு புளூஸ் பாட்டில் வந்த விஷயம். ஆனால் ரிக்கி அதைச் சோகமாகப் பாடுவதில்லை, போனால் போ என்று உறுமுகிறார். ஸ்பயர்ஸ் அடிக்கும் அடியில் அழுவதற்கு நேரமும் இருக்காது. மூன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பாட்டின் எலும்பு எவ்வளவு பழசு என்று தெரிய வேண்டுமா? கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் 1999-இல் 'தி கிராஸ் இஸ் புளூ' ஆல்பத்தில் இதையே பாடியிருக்கிறார். டிரம்ஸின் ஆர்ப்பாட்டம் இல்லை, பாஞ்சோவும் ஃபிடிலும்தான், ஆனாலும் ரயில் அதே வேகத்தில் ஓடுகிறது. வாரன்ட் குழு 1990-இல் பாடியதும் இருக்கிறது, அதைக் கேட்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

பிடித்துப்போனால் அடுத்து அதே ஆல்பத்தில் 'லெஃப்ட் டர்ன் ஆன் எ ரெட் லைட்', பிறகு 1981-இல் வந்த 'மராடர்' ஆல்பத்தில் 'ராட்டில்ஸ்னேக் ராக் அன் ரோலர்'. அதில் பாஞ்சோ வாசிப்பதும் ஷார்ட்டி தாத்தாதான். 1983-க்கு மேல் கீபோர்டு சேர்ந்து சத்தம் வழவழவென்று ஆகிவிட்டது, அந்த ஆல்பங்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.