மதுரை – கோலாலம்பூர் நேரடி விமானம்: யாரிடம் கேட்பது, எதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது?

கேள்வி: பரமக்குடி வணிகர் சங்கத்திலிருந்து எழுதுகிறோம். எங்கள் பக்கத்து ஆட்கள் மலேசியா போக வேண்டுமென்றால் திருச்சிக்கோ சென்னைக்கோ ஓட வேண்டியிருக்கிறது. மதுரையிலிருந்து நேரடி விமானம் கேட்டுப் பல ஆண்டுகளாக மனு கொடுக்கிறோம். ‘ஓடுபாதை சின்னது, நீட்டிய பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதுவரை காத்திருப்பதுதான் வழியா?

பதில்: காத்திருக்க வேண்டாம். மதுரை ஓடுபாதையின் நீளம் 2,285 மீட்டர். அதை 3,810 மீட்டராக நீட்டும் திட்டம் பெரிய விமானங்களுக்குத் தேவைதான். ஆனால் கோலாலம்பூர் இங்கிருந்து சுமார் 2,700 கி.மீ., நான்கு மணி நேரப் பயணம். ஏ320, போயிங் 737 வகை விமானங்களுக்கு இது சாதாரண தூரம். இதே ஓடுபாதையிலிருந்துதான் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அந்த வகை விமானங்கள் போய் வந்திருக்கின்றன. ஓடுபாதை நீட்டிப்பையும் கோலாலம்பூர் விமானத்தையும் ஒரே மனுவில் சேர்த்து எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். நிலம் எடுப்பு, இடம்பெயரும் குடும்பங்கள், சுற்றுச்சாலை என்று அந்த வேலைக்கு ஆயிரம் சிக்கல்கள் உண்டு. அதோடு சேர்த்துக் கட்டினால் உங்கள் கோரிக்கையும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

உண்மையான பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவின் எந்த ஊருக்குப் பறக்கலாம் என்பதை இரு நாட்டு ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஆசியான் நாட்டு விமானங்களுக்கு இந்தியா தாராளமாகத் திறந்துவிட்ட 18 ஊர்களின் பட்டியலில் திருச்சி இருக்கிறது, மதுரை இல்லை. திருச்சியில் மலேசிய, சிங்கப்பூர் நிறுவனங்கள் வரிசையாக வந்து இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மதுரையையும் ஒப்பந்தங்களில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை தென்மாவட்டங்களில் நெடுநாளாக இருக்கிறது. அதற்கான முகவரி மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம். மாநில அரசோ விமான நிலைய இயக்குநரோ இதில் கையெழுத்துப் போட முடியாது.

இந்திய நிறுவனங்களுக்கு இந்தத் தடை கிடையாது. சுங்கமும் குடியேற்றச் சோதனையும் உள்ள எந்த ஊரிலிருந்தும் அவர்கள் கோலாலம்பூருக்குப் பறக்கலாம். இந்தியாவின் பங்குக்கு ஒதுக்கிய இருக்கைகள் மீதம் இருக்க வேண்டும், கோலாலம்பூரில் இறங்கும் நேரம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். மதுரையிலிருந்து வெளிநாட்டு விமானம் 2012-லேயே கொழும்புக்குக் கிளம்பிவிட்டது. ஆகவே அமைச்சகத்தில் ஒரு மனுவைப் போட்டுவிட்டு, உங்கள் முழு உழைப்பையும் இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற நிறுவனங்களின் வழித்தடத் திட்டப் பிரிவின் பக்கம் திருப்புங்கள்.

அவர்களிடம் ‘லட்சக்கணக்கான மக்களின் கனவு’ என்று எழுதினால் யாரும் இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். அவர்கள் போடும் கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள். 186 இருக்கை உள்ள ஏ320 வாரம் மூன்று முறை வந்துபோனால், ஆண்டுக்கு இருவழியிலும் சேர்த்து 58,032 இருக்கைகள். 80 சதவீதம் நிரம்ப வேண்டும் என்று வைத்தால் ஒரு விமானத்துக்கு 149 பேர், வாரத்துக்கு ஏறத்தாழ 900 பேர். போக வர டிக்கெட் எடுப்பவர்களாகக் கணக்கிட்டால் வாரம் 450 பேர். இந்த 450 பேர் எந்த ஊர்க்காரர்கள், இப்போது எந்த விமான நிலையத்தில் ஏறுகிறார்கள், என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

அதற்கான சான்று உங்கள் ஊர் டிராவல்ஸ்காரர்களின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பரமக்குடி, ராமநாதபுரம், சிவகங்கை, அருப்புக்கோட்டை, ராஜபாளையம், தேனி, திண்டுக்கல் ஏஜென்ட்களிடம் கடந்த 12 மாதம் போட்ட மலேசிய டிக்கெட்களை மாதவாரியாகக் கேளுங்கள். பயணியின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் வேண்டாம், வாங்கவும் கூடாது. பின்கோடு, ஏறிய விமான நிலையம், பயண மாதம், அடிப்படைக் கட்டணம், எத்தனை நாள் முன்னதாக எடுத்தது, கோலாலம்பூரோடு முடிந்ததா அங்கிருந்து வேறு ஊருக்குப் போனதா என்ற ஆறு விவரங்கள் போதும். கடைசி விவரத்தை விட்டுவிடாதீர்கள். மெல்போர்னுக்கோ ஜகார்த்தாவுக்கோ மாறிப் போகிறவர்களின் எண்ணிக்கையில், அங்கிருந்து தொடர் விமானம் ஓட்டும் மலேசிய நிறுவனத்துக்குத் தனி அக்கறை உண்டு.

இந்தக் கணக்கு கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. சின்ன ஏஜென்ட் பெரிய ஏஜென்டிடம் கொடுத்து டிக்கெட் போடுவார். இருவரும் அதே பயணியைத் தங்கள் கணக்கில் சொல்வார்கள். இதைப் பிடிக்க மட்டும், பி.என்.ஆர் எண்ணின் (டிக்கெட் பதிவு எண்) கடைசி நான்கு எழுத்தையும் பயணத் தேதியையும் கூடுதலாக வாங்கி ஒப்பிட்டு, இரட்டிப்பாக வருவதைக் கழியுங்கள். இரண்டாவது, பொங்கல், தைப்பூசம், மே விடுமுறை மாதங்களை மட்டும் காட்டுவது. அந்த மாதங்களில் எந்த ஊரிலிருந்தும் விமானம் நிரம்பும். ஆடியில் எத்தனை பேர் என்பதைத்தான் திட்டப் பிரிவு தேடும், அதை மறைத்தால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள். மூன்றாவது, காரைக்குடி. அங்கிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம். காரைக்குடி, தேவகோட்டைப் பயணிகளை முழுக்க மதுரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தனியாகக் காட்டி, பாதியை மட்டும் சேருங்கள்.

நேரத்தையும் நீங்களே முன்மொழிய வேண்டும், இதில்தான் மதுரைக்கு இப்போது புதிய பலம் வந்திருக்கிறது. 2024-லிருந்து விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. கோலாலம்பூரில் இரவு 10 மணிக்குக் கிளம்பும் விமானம் இங்கே 11.30-க்கு இறங்கும். 45 நிமிடத்தில் திரும்பக் கிளம்பினால் அங்கே காலை 6.45-க்குப் போய்ச் சேர்ந்துவிடும். இரவில் சும்மா நிற்கும் விமானத்தை இப்படி ஓட்டும்போது, பகல் வழித்தடம் எதையும் வெட்ட வேண்டியதில்லை. இது, மதுரை ஒப்பந்தத்தில் சேர்ந்த பிறகு, மலேசியாவில் நிற்கும் விமானத்துக்கான கணக்கு. இந்திய நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது மதுரையில் முன்னிரவில் கிளம்பி விடியுமுன் திரும்புவதாகத் திருப்பிப் போடுங்கள்.

இரவுக்கு இன்னொரு பலனும் உண்டு. சித்திரை வெயில் 39 டிகிரியைத் தொடும்போது காற்றின் அடர்த்தி குறைந்து, இறக்கையின் தூக்குவிசையும் இன்ஜினின் உந்துவிசையும் சேர்ந்து குறைகின்றன. அதே 2,285 மீட்டரில் ஏற்றக்கூடிய எடை சுருங்கும்போது முதலில் இறக்கி வைக்கப்படுவது கார்கோ. நள்ளிரவின் 28 டிகிரியில் அந்த நெருக்கடி பெருமளவு தளர்ந்துவிடும். மல்லிகைக்கு இது மிக முக்கியம். விடிகாலையில் பறித்த மொட்டு காலையில் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வருகிறது, குளிரில் வைக்காவிட்டால் மாலையில் விரிந்துவிடும். பகலிலேயே பனிக்கட்டியோடு தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, விமானம் ஏறும்வரை குளிர் அறையில் வைத்தால், மறுநாள் காலை கோலாலம்பூரில் மொட்டாகவே இறங்கும். எத்தனை கிலோ, வாரத்தில் எந்த நாள், யார் ஏற்றுமதியாளர் என்று பூ வியாபாரிகளிடம் எழுத்தில் வாங்கி இணையுங்கள். ஒரு நடைக்கு ஒன்றரை டன் உறுதியானால், காலியாகப் போகும் சில இருக்கைகளின் நஷ்டத்தை அது ஈடுகட்டும்.

எரிபொருள் மீதான 29 சதவீத வாட் வரியைக் குறைக்கச் சொல்லி மாநில அரசுக்கு எழுதப்பட்ட மனுக்களை நிறையப் பார்க்கலாம். உள்நாட்டு வழித்தடத்துக்கு அது நியாயமான கோரிக்கை. ஆனால் வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானத்துக்கு நிரப்பும் எரிபொருள் ஏற்றுமதியாகக் கருதப்படுவதால் அந்த வரி விழாது. கோலாலம்பூர் மனுவில் அதை எழுதினால், விஷயம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

காலக்கெடு தவறுவதால்தான் பாதி முயற்சிகள் வீணாகின்றன. விமான அட்டவணை ஆண்டுக்கு இருமுறை மாறும். கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறு, குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கும். நெரிசலான விமான நிலையங்களில் நேரம் ஒதுக்கும் பன்னாட்டுக் கூட்டங்கள் குளிர்காலத்துக்கு ஜூனிலும் கோடைக்கு நவம்பரிலும் நடக்கின்றன. விண்ணப்பம் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். அக்டோபரில் விமானம் வேண்டுமென்றால் உங்கள் அறிக்கை ஜனவரியில் திட்டப் பிரிவின் மேசையில் இருக்கட்டும். பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

அனுப்புவதற்கு முன், எம்.பி. தலைமையிலான விமான நிலைய ஆலோசனைக் குழுவில் ஒரு விஷயத்தைப் பதிவு செய்யுங்கள். இரவு 10 மணியிலிருந்து 1 மணிவரை குடியேற்றச் சோதனைக் கவுன்ட்டர்களில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு வெளிநாட்டு விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து, ஆள் பற்றாமல் வரிசை நீண்டால், 45 நிமிடத்தில் விமானத்தைத் திருப்ப முடியாது. அப்படித் தாமதமானால் காலையில் அதே விமானம் ஓட்ட வேண்டிய அடுத்த நடையும் கெடும். அந்தப் பதிலையும் அறிக்கையோடு இணைத்து அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் ஆறு மாதத்தில், கூட்டம் குறைந்த வாரங்களுக்கு மட்டும், நடைக்கு 30 இருக்கைகளை ஏஜென்ட்கள் கூட்டாக முன்பணம் கட்டி எடுத்துக்கொள்வதாக ஒரு உறுதிக் கடிதம் தர முடியுமா என்று சங்கத்தில் பேசுங்கள். 149-இல் 30 என்பது ஐந்தில் ஒரு பங்கு. 30 முடியாது, 20தான் முடியும் என்றால் 20 என்றே எழுதுங்கள்.